மரபணுவிலிருந்து புரதம் வரை: சேலத்து வகுப்பறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். அம்மாப்பேட்டை, குகை, இளம்பிள்ளைப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும், ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கிவந்து படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்ற வரிசையை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள். எழுத்தாக இருந்தது எந்தக் கணத்தில் பொருளாக மாறுகிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆகவே அந்த ஓர் இடத்திற்கு மற்றவற்றைவிட நீளமான விடை எழுதியிருக்கிறேன்.

புரதம் என்றால் பருப்பும் முட்டையும்தானே? சாப்பிட்டால் வந்துவிடுவதை உடல் ஏன் தனியாகக் கட்ட வேண்டும்?

துவரம்பருப்பில் இருப்பது துவரைச் செடி தன் விதைக்காகக் கட்டிவைத்த புரதம். அது அப்படியே நம் தசையாகவோ இரத்தமாகவோ மாறிவிடுவதில்லை. வயிறும் சிறுகுடலும் அதை அமினோ அமிலங்கள் என்னும் சிறு அலகுகளாகப் பிரித்துவிடுகின்றன. அந்த அலகுகளை வேறு வரிசையில் கோத்துத்தான் நம் செல்கள் தங்களுக்கு வேண்டிய புரதங்களைக் கட்டுகின்றன. புரதங்களில் வழக்கமாக அமைபவை 20 வகை அமினோ அமிலங்கள். அவற்றுள் ஒன்பதை நம் உடலால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் நிறைவாக இருந்தாலும் மெத்தியோனின் குறைவு. சோற்றோடு பருப்பைப் பிசைந்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நம் மாவட்டத்தின் பெயரோடு சேர்ந்தே வழங்கும் ஜவ்வரிசியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும்: மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தான அதில் புரதம் ஏறத்தாழ இல்லை. நோயிலிருந்து தேறும் குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் பல நாள் கொடுப்பவர்கள், பாலோ பருப்போ முட்டையோ அதனுடன் சேர்த்தாக வேண்டும்.

டி.என்.ஏ.வில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்ற நான்கு காரங்கள் ஒரு வரிசையில் அமைந்திருக்கின்றன. அந்த வரிசைதான் எழுத்து. எழுதும் வசதிக்காக இந்தப் பக்கம் முழுவதும் அவற்றை அ, தை, கு, சை என்று குறிக்கிறேன். ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக யுராசில் வரும், அதற்கு யு. அடினைன் தைமினோடும் (ஆர்.என்.ஏ.வில் யுராசிலோடும்) குவானைன் சைட்டோசைனோடும் இணைசேரும் என்ற ஒரே விதிதான் கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இந்த இணைசேர்க்கையைக் காட்டும் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டனர். அதற்குச் சான்றாக நின்றவை ரோசலிண்ட் பிராங்க்ளின், மாரிஸ் வில்கின்ஸ் ஆகியோரின் ஆய்வகங்களில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படங்கள்.

மனிதனின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. புரதத்தின் வரிசையை நேரடியாகக் குறிக்கும் பகுதி மொத்த எழுத்துகளில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சியது முழுவதும் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. எந்த மரபணு எப்போது, எந்த அளவில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடங்களும் அதில்தான் உள்ளன.

மரபணுவை நேரடியாகப் படித்தே புரதத்தைக் கட்டலாமே? இடையில் ஏன் ஒரு நகல்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குவதை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஓர் அட்டை நகர்ந்துவந்து பெட்டியில் பொருந்தும். துளை உள்ள இடத்துக் கொக்கிகள் பாவு இழைகளைத் தூக்கும். நாடா ஓடி ஓர் ஊடை (குறுக்கு இழை) விழும். அடுத்த அட்டை வரும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. செல்லிலும் மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதால் இந்த ஒப்புமை வெகுதூரம் பொருந்துகிறது. பொருந்தாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்றை இங்கே சொல்கிறேன், மற்றொன்று பின்னால் வரும்.

தறியில் மூல அட்டையே பெட்டியில் ஏறுகிறது. செல்லில் மூலப் பிரதி உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. புரதம் கட்டப்படுவதோ உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில். எனவே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி, வேண்டிய மரபணு இருக்கும் இடத்தில் மட்டும் இரட்டைச் சுருளைப் பிரித்து, ஓர் இழையை வார்ப்பாகக் கொண்டு, இணைசேரும் விதிப்படி ஆர்.என்.ஏ. நகலை எழுதுகிறது. இதைப் படியெடுத்தல் என்கிறோம். நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இப்படி ஒரு தூதுப் பொருள் உண்டு என்பது 1961-இல் உறுதிப்பட்டது.

நகல் எடுப்பதில் வேறு ஆதாயமும் உண்டு. ஒரே மரபணுவிலிருந்து ஆயிரக்கணக்கான நகல்கள் எடுத்துப் பல இடங்களில் ஒரே நேரத்தில் வேலையை நடத்தலாம். தேவை முடிந்ததும் நகலைச் சிதைத்துவிடலாம். மூலத்திற்கு ஒரு கீறலும் விழாது.

எடுத்த நகல் அப்படியே பயன்படுகிறதா?

பாக்டீரியாவில் பெரும்பாலும் அப்படியே பயன்படுகிறது. நம் செல்களில் நகலின் இடையிடையே இன்ட்ரான்கள் எனப்படும் பகுதிகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி எறிந்து, எஞ்சிய எக்சான்களை ஒட்டிய பிறகே நகல் உட்கருவை விட்டு வெளியேறும். பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1977-இல் இதைக் கண்டறிந்தன. தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் மரபணு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்டது. ஒருமுறை படியெடுத்து முடிக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. வெட்டி ஒட்டிய பின் மிஞ்சும் தூது ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 14,000 எழுத்துகளே இருக்கின்றன.

குறியீடு ஏன் மூன்று எழுத்தாக இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தால் 4 சொற்கள். இரண்டிரண்டாக எடுத்தால் 16. அவை 20 அமினோ அமிலங்களுக்குப் போதா. மூன்று மூன்றாக எடுத்தால் 64. இந்த மூன்றெழுத்துச் சொல்லைக் கோடான் என்கிறோம். 64-இல் 61 கோடான்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. யு-அ-அ, யு-அ-கு, யு-கு-அ என்ற மூன்றும் ‘இங்கே நிறுத்து’ என்று பொருள்படும். அ-யு-கு மெத்தியோனினைக் குறிப்பதோடு தொடக்கத்தையும் குறிக்கிறது.

எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று கண்டுபிடித்த வரலாற்றை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 1961-இல் நிரன்பர்க்கும் மத்தாயியும் யுராசில் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வைச் செல்சாற்றில் இட்டபோது, பீனைல்அலனின் மட்டுமே கோத்த சங்கிலி உருவாயிற்று; யு-யு-யு என்றால் பீனைல்அலனின் என்ற முதற்சொல் அகப்பட்டது. பஞ்சாபில் ஒரு சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா, வரிசை முன்கூட்டியே தெரிந்த ஆர்.என்.ஏ.க்களை வேதியியல் முறையில் உண்டாக்கிக் கொடுத்து, எஞ்சிய சொற்களைப் படிக்க வழி செய்தார். 1966-க்குள் அகராதி முழுமையடைந்தது. நிரன்பர்க், குரானா, கடத்து ஆர்.என்.ஏ.வின் (அதைப் பற்றி அடுத்த கேள்வியில்) வரிசையைக் கண்ட ஹாலி ஆகிய மூவரும் 1968-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அப்படியானால் எழுத்தைப் பொருளாக மாற்றுவது யார்? ரைபோசோம்தானே?

தேர்வுத்தாள்களில் பெரும்பாலோர் எழுதும் விடை, சைட்டோபிளாசத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் நுண்துகளான ரைபோசோம் என்பதே. நான் இதை முழுமையான விடையாக ஏற்றுக்கொள்வதில்லை. தறி ஒப்புமை பொருந்தாத இரண்டாவது இடமும் இதுதான்.

ஜக்கார்டு அட்டையின் துளை கொக்கியை நேரடியாக ஆட்டுகிறது. ஆனால் கு-அ-கு என்ற மூன்று எழுத்துகளின் வடிவத்தில் குளுட்டமிக் அமிலத்தைப் பற்றி இழுக்கக்கூடியது எதுவும் இல்லை. கோடானும் அமினோ அமிலமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இணைப்பான் இருந்தாக வேண்டும் என்று கிரிக் முன்பே ஊகித்திருந்தார். அந்த இணைப்பான்தான் கடத்து ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 76 எழுத்துகள் நீளமுள்ள அந்தச் சிறு இழை தன்மேலேயே மடிந்து இணைசேர்ந்து கொள்கிறது. அப்படி மடியும் வளைவுகளுக்கு அறிவியலில் வழங்கும் பெயர் கொண்டை ஊசி. ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருபவர்களுக்கு அந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. கடத்து ஆர்.என்.ஏ.வில் அத்தகைய முக்கியமான வளைவுகள் மூன்று. நடு வளைவின் முனையில் கோடானோடு இணைசேரும் எதிர்க்கோடான் இருக்கிறது. இழையின் மறு நுனியில் அமினோ அமிலம் ஏற்றப்படுகிறது.

ஏற்றுவது யார் என்பதுதான் உயிர்நாடியான கேள்வி. அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் உரிய தனி நொதி ஒன்று உண்டு. அமினோஅசைல் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தடேஸ் என்பது அதன் நீண்ட பெயர். அது ஒரு பக்கத்தில் தனக்குரிய அமினோ அமிலத்தையும் மறுபக்கத்தில் தனக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வையும் அடையாளம் கண்டு, இரண்டையும் பிணைக்கிறது. எழுத்து வரிசையையும் அமினோ அமிலத்தையும் ஒருசேர ‘அறிந்த’ மூலக்கூறு செல்லில் இது ஒன்றுதான். ஐசோலூசினுக்கும் வேலினுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே. வேலின் சற்றுச் சிறியது என்பதால் ஐசோலூசினுக்கான இடத்தில் தவறி அமர்ந்துவிடுகிறது. அதற்காகவே அந்த நொதியில் மற்றொரு குழி இருக்கிறது. ஐசோலூசின் நுழைய முடியாத, வேலின் மட்டும் நுழையக்கூடிய அந்தச் சிறு குழியில், தவறாக ஏறியது வெட்டி நீக்கப்படுகிறது.

ஏற்றியதை ரைபோசோம் மறுபடி சரிபார்க்காதா என்று கேட்பார்கள். 1962-இல் நடந்த ஒரு சோதனை இதற்கு நேரான விடை தருகிறது. சிஸ்டீன் ஏற்றப்பட்ட கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, ஒரு நிக்கல் வினையூக்கியால் சிஸ்டீனின் கந்தகத்தை மட்டும் நீக்கினார்கள். சிஸ்டீன் அலனினாக மாறிவிட்டது, அது அமர்ந்திருந்த கடத்து ஆர்.என்.ஏ. மாறவில்லை. ரைபோசோம் அதை ஏற்று, சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனினைக் கோத்தது. ரைபோசோம் எதிர்க்கோடான் பொருந்துகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. நுனியில் இருக்கும் சரக்கைப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ செய்யவில்லை. ஆகவே மரபுக் குறியீட்டின் அகராதி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த ஏற்றும் நொதிகளிடத்தில் இருக்கிறது என்பதே என் விடை. அந்த நொதிகளும் புரதங்கள், அவையும் இதே அகராதியைக் கொண்டே கட்டப்படுகின்றன என்பதை நினைக்கும்போது, இத்தனை ஆண்டு கற்பித்த பிறகும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பிறகு ரைபோசோமின் வேலைதான் என்ன?

ரைபோசோம் இரண்டு துண்டுகளால் ஆனது. சிறிய துண்டில் தூது ஆர்.என்.ஏ. பொருந்தி, எதிர்க்கோடான் சரிபார்க்கப்படுகிறது. பெரிய துண்டில் அமினோ அமிலங்களுக்கு இடையே பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது. வந்து அமரும் இடம், வளரும் சங்கிலி இருக்கும் இடம், வெறுமையான கடத்து ஆர்.என்.ஏ. வெளியேறும் இடம் என மூன்று இருக்கைகள் அடுத்தடுத்து உள்ளன. ஒவ்வொரு அடியிலும் ரைபோசோம் சரியாக மூன்று எழுத்து நகர்கிறது. பாக்டீரியாவில் நொடிக்கு 20 அமினோ அமிலங்கள் வரையிலும், நம் செல்களில் நொடிக்கு ஐந்தாறும் கோக்கப்படுகின்றன.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பாக்டீரிய ரைபோசோமின் சிறிய துண்டின் அமைப்பை 2000-இல் அணு அளவுக்கு வெளிப்படுத்திய குழுவின் தலைவர். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இந்த ஆய்வுகளால் துலங்கிய செய்திகளுள் முதன்மையானது, பிணைப்பு உண்டாகும் இடத்தைச் சூழ்ந்திருப்பது ஆர்.என்.ஏ.தான் என்பது. அதாவது, புரதத்தைக் கட்டும் வினையை நடத்துவது புரதம் அன்று.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

பல வேளைகளில் ஒன்றும் ஆகாது, ஏனெனில் ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் உண்டு. சில வேளைகளில் வாழ்க்கையே மாறிவிடும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான தூது ஆர்.என்.ஏ. இப்படித் தொடங்குகிறது: அ-யு-கு, கு-யு-கு, சை-அ-யு, சை-யு-கு, அ-சை-யு, சை-சை-யு, கு-அ-கு. தொடக்க மெத்தியோனின் பின்னர் வெட்டப்பட்டுவிடுவதால், வேலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின் ஆகியவற்றைத் தாண்டி ஆறாவதாக வருவது குளுட்டமிக் அமிலம். அந்தக் கடைசிச் சொல்லின் நடு எழுத்து மாறி கு-யு-கு ஆனால் அங்கே வேலின் வந்து அமர்கிறது. 146 அமினோ அமிலங்களில் ஒன்றுதான் மாறியது. ஆனால் நீரை விரும்பும் ஒன்றின் இடத்தில் நீரை விலக்கும் ஒன்று வந்துவிட்டதால், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராகி, சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைத்துவிடுகின்றன. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்குத்தான் நோய் வரும். தமிழ்நாட்டில் நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்த மாற்றம் இருப்பது 1952-இலேயே பதிவாகியது.

எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்றால், கண்ணில் ஏன் இன்சுலின் சுரப்பதில்லை?

அங்கே அந்த மரபணு படியெடுக்கப்படுவதில்லை. எந்த மரபணு திறந்திருக்க வேண்டும் என்பதைச் செல்லுக்குச் செல் வேறுபடும் புரதங்கள் முடிவு செய்கின்றன. சேலத்து மல்கோவாக் காயிலும் பழத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான், எத்திலீன் வாயுவின் தூண்டலால் செல்சுவரை இளக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் படியெடுக்கப்படத் தொடங்குவதே பழுப்பதன் ஒரு பகுதி.

சங்கிலி முடிந்ததும் புரதம் வேலைக்கு ஆயத்தமா?

மடிந்தால்தான் வேலை செய்யும். இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாகக் கட்டப்படுகிறது. முன்பகுதியும் நடுப்பகுதியும் வெட்டி நீக்கப்பட்ட பின் 51 மட்டுமே எஞ்சுகின்றன. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற வடிவத்தை, 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச்சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தால்தான் அந்த முறுக்கு இடம் கொள்ளும். அந்தக் கயிறு உறுதிப்பட, கோத்து முடித்த சில புரோலின்களில் ஓர் ஆக்சிஜன் சேர்க்கப்பட வேண்டும்; அதற்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது ஈறு கசிவதன் காரணம் இதுவே. மரபணுவில் எந்தப் பிழையும் இல்லாமலே புரதம் பழுதாகலாம் என்பதற்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

வெப்பம் மடிப்பைக் குலைக்கும். சேலத்துக் கோடையில் இன்சுலின் குப்பியை வெயில் படும் சன்னலில் வைத்துவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் நான் வற்புறுத்துவது அதனால்தான்.

காய்ச்சலுக்கு உண்ணும் ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் ஆகியவை பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரதம் கட்டுவதைத் தடுக்கின்றன. நம் சைட்டோபிளாசத்து ரைபோசோமின் அமைப்பு வேறுபட்டது என்பதால் நாம் தப்புகிறோம். வைரஸுக்குத் தனி ரைபோசோமே இல்லை. ஆகவே வைரஸ் காய்ச்சலில் இம்மருந்துகளுக்கு வேலை இல்லை.

கொரோனா தடுப்பூசி எங்கள் மரபணுவை மாற்றிவிட்டதா?

இல்லை. கோவிஷீல்டில் இருந்தது, நம் உடலில் பெருக முடியாதபடி செய்யப்பட்ட சிம்பன்சி அடினோவைரஸ். அது கொண்டுவந்த டி.என்.ஏ.வைப் படியெடுத்துச் செல் சில காலம் வைரஸின் கூர்ப்புரதத்தைக் கட்டுகிறது; நம் குரோமோசோமுக்குள் வெட்டிப் புகும் கருவி அதனிடம் இல்லை. கோவேக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதில் செல்லுக்கு எந்தக் கட்டளையும் இல்லை.

ஏற்காட்டுக் காப்பிச் செடியும் நாமும் ஒரே குறியீட்டையா பயன்படுத்துகிறோம்?

ஆம். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா முதலிய சில இடங்களில் காணும் சிறு வேறுபாடுகளைத் தவிர, சேர்வராயன் மலையின் காப்பிச் செடியிலும் அதன் நிழல்மரமான சில்வர் ஓக்கிலும் அதில் படரும் மிளகுக் கொடியிலும் நம்மிலும் யு-யு-யு என்றால் பீனைல்அலனின்தான். மனித இன்சுலின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்தால் அது மனித இன்சுலினையே கட்டுவதும் இதனால்தான். 1978-இல் அவ்வாறு கட்டிக் காட்டினார்கள், 1982-இல் அது மருந்தாக வந்தது.

காப்பியில் உள்ள கஃபீனுக்கு மரபணு எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். கஃபீன் புரதம் அன்று. அதற்கென்று நேரடியான மரபணு கிடையாது. அதைப் படிப்படியாக உண்டாக்கும் நொதிகளுக்குத்தான் மரபணுக்கள் உண்டு.

சிவப்பணுவில் உட்கருவே இல்லையே! அது எப்படி ஹீமோகுளோபினைக் கட்டுகிறது?

முதிர்ந்த சிவப்பணு கட்டுவதில்லை. எலும்பு மஜ்ஜையில், உட்கரு இருக்கும்போதே அந்தச் செல் குளோபினுக்கான தூது ஆர்.என்.ஏ.வைப் பெருமளவில் எடுத்து வைத்துக்கொள்கிறது. பின்னர் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. நீண்ட நாள் சிதையாத அந்த நகல்களைக் கொண்டு மேலும் ஓரிரு நாள் கட்டுகிறது. அதன்பின் ரைபோசோம்களும் கரைந்துபோக, ஏறத்தாழ 120 நாள் எந்தப் புதுப்புரதமும் இன்றிச் சுற்றி வருகிறது.

இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ரெட்டிகுலோசைட்’ என்று ஒரு வரி சில வேளை இருக்கும். அது உட்கருவை இழந்து, ரைபோசோம்களை இன்னும் இழக்காத அந்த இளம் செல்களின் எண்ணிக்கை. ‘நியூ மெத்திலீன் புளூ’ என்னும் சாயத்தை இரத்தத் துளியோடு கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், மற்றச் சிவப்பணுக்களிடையே இவற்றில் மட்டும் நீல நிறத்தில் ஒரு சிறு வலை தெரியும். அந்த வலை, வேலையை முடிக்கும் தறுவாயில் எஞ்சியிருக்கும் ரைபோசோம்களின் ஆர்.என்.ஏ.